விடியற்காலை மழைக்கு யார் சாட்சி?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மழைச் சத்தம் இரண்டு விதமாகக் கேட்கும். சாயங்காலம் தகரக் கூரையில் விழுகிற மழை சுகமானது. சுடச்சுடக் காப்பியும் வறுத்த கடலையும் கேட்கும். விடியற்காலை நாலு மணிக்கு விழுகிற மழையோ நேராக வயிற்றில் விழும்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். அந்த நேரத்து மழைக்கு அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மண்ணெண்ணெய் விளக்கைக் கூட ஏற்றமாட்டார். இருட்டில் பீடி நெருப்பு மட்டும் தெரியும். "இன்னிக்கு வெட்டு இல்ல" என்று அவர் சொன்னால், அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டு அளந்து பார்ப்பார். வெட்டு இல்லை என்றால் சம்பளம் இல்லை. அந்தக் காலத்துக் கணக்கு அவ்வளவுதான்.

இந்த வாரம் நான் சொல்லப் போவது மழையை அளக்கப் போன ஒரு பெண்ணின் கதை. வேறு யாருமில்லை, என் தங்கை மகள்தான்.

என் தங்கை நெகிரி செம்பிலானில் இன்னும் பால்மரம் வெட்டுகிறாள். "இன்னுமா?" என்று கேட்பீர்கள். கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது, அதற்கு நடுவிலும் சில தோட்டங்களில் சில நூறு ஏக்கர் பால்மரம் மிச்சமிருக்கத்தான் செய்கிறது. அவள் மகள் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறாள். கடைசி ஆண்டுக்கு முன்பு எல்லாரும் 'லத்தேஹான் இண்டஸ்ட்ரி' என்னும் தொழிற்பயிற்சிக்குப் போயாக வேண்டும். கூட்டாளிகள் உரக் கம்பெனிக்கும் வங்கிக்கும் எழுதிப்போட, இவள் பயிர்வானிலை நிலையங்களை நடத்தும் ஓர் அமைப்புக்கு எழுதிப்போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது.

தங்கை என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இவ மழைய அளக்கப் போறாளாம். மழைய அளக்கறதுக்கு யூனிவர்சிட்டி படிப்பா? நம்ம ஆபீஸ் பக்கத்துல ஒரு குழாய் நட்டு வச்சிருப்பானுங்களே, அத பியூன் பார்த்து எழுதுவாரே!"

நியாயமான கேள்வி. அந்தக் குழாய் எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தோட்ட ஆபீசுக்கு முன்னால் புல்தரையில், சின்ன வேலிக்குள் பித்தளை வாய் வைத்த ஓர் உருளை. காலையில் அதில் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து, இத்தனை இஞ்சி என்று கிராணி புத்தகத்தில் எழுதுவார்கள். ஒரு பள்ளி விடுமுறையில் நாங்கள் நாலு பையன்கள் சேர்ந்து அதில் ஒரு டின் தண்ணீரை ஊற்றிவிட்டோம். வெயில் கொளுத்திய நாளுக்குப் புத்தகத்தில் மழை ஏறியது. கிராணி என் தகப்பனாரைக் கூப்பிட்டுச் சொல்ல, அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்ன விதம் இன்னும் முதுகில் இருக்கிறது!

சேறும் சிலந்தியும்

மழையை அளப்பது குளிரூட்டிய அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெண் முதல் வாரமே முழங்கால் வரை பூட்சு போட்டுக்கொண்டு வேன் ஏறிவிட்டாள். இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள். சில பால்மரக் காட்டில், சில செம்பனையில், ஒன்று காய்கறித் தோட்டத்தில். மாதம் ஒரு முறையாவது ஒவ்வொன்றுக்கும் போயாக வேண்டும்.

நிலையம் என்றால் கட்டடம் இல்லை. ஒரு இரும்புக் கம்பம். அதன் தலையில் காற்றின் வேகத்துக்குச் சுழலும் மூன்று கிண்ணங்கள். கொஞ்சம் கீழே, தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கூட்டுக்குள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்க்கும் கருவி. ஒரு சோலார் பலகை, பாட்டரி, நம் கைப்பேசியில் இருப்பது போன்ற ஒரு சிம் கார்டு. பக்கத்தில் மழைமானி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாக் கணக்கையும் அதுவே தலைமையகத்துக்கு அனுப்பிவிடும். பழைய காலத்து நிலையங்களில் இருந்த வெள்ளை மரப்பெட்டியும், வெயிலைப் பிடித்து அட்டையில் சூட்டுக்கோடு இழுக்கும் கண்ணாடி உருண்டையும், தண்ணீர் எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் நாலடி அகலத் தொட்டியும் சில இடங்களில் இன்னும் உண்டு. அந்தக் கண்ணாடி உருண்டையைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பாட்டரியும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம், சூரியனே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறதாம்.

புது மழைமானிக்குள் இருப்பது ஒரு குட்டி ஏற்றப்பலகை. இரண்டு பக்கமும் ஒரு சின்ன அகப்பை. புனலில் விழும் மழை சொட்டுச் சொட்டாக, மங்கில் பால் இறங்குவது போல, ஓர் அகப்பையில் இறங்கும். நிறைந்ததும் அது கவிழும், மறு அகப்பை மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஓர் எண். அவள் பார்த்த மானிகளில் ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீட்டர் மழை. அது எத்தனை மணிக்குக் கவிழ்ந்தது என்பதும் சேர்ந்தே பதிவாகும். இந்த மணிக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது எப்படி? எட்டு இஞ்சி வாய் உள்ள மானியில் 324 மில்லிலிட்டர் தண்ணீரை நிதானமாக இறக்கினால் அது 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அப்படியானால் அகப்பை 50 தடவை கவிழ வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் கணக்குத் தப்பிவிடும். வெயிலிலோ தூறலிலோ குந்திக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் 'டக், டக்' என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிலையத்தில் 41தான் வந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், அகப்பைக்கு அடியில் எறும்புகள் மண் கட்டிக் குடியிருக்கின்றன! இன்னொன்றில் வெள்ளைக் கூட்டுக்குள் குளவி. வேறொன்றில் குரங்கு கம்பியைக் கடித்து அறுத்திருக்கிறது. இன்னொரு இடத்தில், நிலையம் நட்டபோது இடுப்பளவு இருந்த செம்பனை வளர்ந்து மட்டையை மழைமானிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளித்தான் மானி நிற்க வேண்டும். மட்டையை வெட்ட மண்டோரைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்ததாம். செம்பனையில் மட்டை வெட்டுவது சின்னக் காரியமா, என்ன!

"மாமா, பாதி வேலை துடைக்கறதும் கூட்டறதும்தான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

காட்டு வேலைக்கு இதனால் என்ன?

பால்மரத்தை ஏன் இருட்டோடு வெட்டுகிறோம்? இரவில் மரம் நீரைக் குடித்துப் பால் குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய் அழுத்தம் இறங்கிவிடும், பாலும் குறையும். ஆகவே விடியலுக்கு முன்பும் பின்புமான அந்தச் சில மணி நேரம்தான் மரத்துக்கும் நமக்கும் உள்ள உடன்பாடு. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் பட்டை முழுக்க வழியும், மங்குக்குப் போய்ச் சேராது. ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுமுகத்தில் பூஞ்சைக் காளான் நோயும் பிடிக்கும். பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டுவது இதற்காகத்தான். 2017-இல் இந்நாட்டுப் பால்மரங்களில் வந்த ஒரு புதிய இலையுதிர் நோயும் காளானால் வந்ததே. இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்று பார்க்க இப்போது தனிக் கருவியே உண்டு.

செம்பனையின் கதை வேறு. அது இன்றைய வறட்சியை இன்றைக்குச் சொல்லாது. பூ ஆணா பெண்ணா என்று குருத்துக்குள் முடிவாகிற சமயத்தில் தண்ணீர் தட்டுப்பாடு வந்தால், ஆண் பூ கூடிவிடும். அதன் பலன் குலையில் தெரிய ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். வெளிவரும் நிலையில் இருக்கும் பூங்கொத்து கருகினால், பத்து மாதம் கழித்துக் குலை இருக்காது. 2015-இல் எல்நினோ வறட்சி வந்தது. அந்த ஆண்டு நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 19.96 மில்லியன் டன். அடுத்த ஆண்டு, 2016-இல், 17.32 மில்லியன் டன்னாக விழுந்தது. குலை வெட்டுபவருக்கு டன் கணக்கில்தானே கூலி? காட்டில் அன்றைக்கு மழை நன்றாகப் பெய்துகொண்டிருக்கும், ஆனால் குலை இருக்காது. "ஒழுங்கா வேலை செய்யல" என்று யாராவது சொல்லும்போது, முந்திய ஆண்டுகளின் மழைக் கணக்கு கையில் இருந்தால் பதில் சொல்லலாம்.

மழை என்றதும் தைப்பிங் நினைவுக்கு வருகிறது. இன்று மழை வருமா, எத்தனை மணிக்கு வரும் என்று அங்கே பந்தயம் கட்டிய காலம் உண்டு. அந்த ஊரில் மழை வரும் என்று கட்டினால் தோற்பது கஷ்டம் என்பார்கள்!

நாள்காட்டியில் ஏழு பெருக்கல் குறி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்குப் போன பெண்ணின் சுற்றில், அவளுடைய தாயார் வேலை செய்யும் தோட்டமும் இருந்தது. சென்ற ஆண்டு செப்டம்பர் மாதம் நடந்தது இது.

அந்தத் தோட்டத்தில் மாதத்தில் குறிப்பிட்ட நாள் வெட்டியவர்களுக்குச் சம்பளத்தோடு ஓர் ஊக்கத்தொகை உண்டு. மழையால் வெட்டு நின்ற நாளை, அது மழைதான் என்று ஆபீஸ் ஒப்புக்கொண்டால் கணக்கில் சேர்ப்பார்கள். செப்டம்பரில் ஏழு நாள் வெட்டு நின்றது. புதிதாக வந்த சின்னத் துரை வானிலை நிலையத்தின் மாத அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பெரட்டில் கேட்டார்: "48 மில்லிமீட்டர் பெய்த நாளுக்கு மறுநாள் வெட்டியிருக்கிறீர்கள். வெறும் 3 மில்லிமீட்டர் பெய்த நாளில் முடியவில்லையா? இரண்டு நாள் மழையே இல்லை, பூஜ்யம் என்று இருக்கிறதே?"

ஏழு நாளும் போச்சு. தீபாவளிக்கு மூன்று வாரம்.

அவர் கெட்ட மனிதர் என்று நான் எழுதப்போவதில்லை. தாளில் இருந்ததைப் படித்தார், அவ்வளவுதான். தாளில் எவ்வளவு என்று இருந்தது. எப்போது என்று இல்லை.

தங்கை வீட்டில் ஒரு நாள்காட்டி உண்டு, மளிகைக் கடையில் ஆண்டுதோறும் கொடுப்பார்களே, அதுதான். வெட்டு இல்லாத நாளில் அதில் பெருக்கல் குறி போடுவாள். நம் தாய்மார் பலரும் செய்கிற காரியம்தான். வார விடுமுறைக்கு வந்த மகள் அந்த ஏழு குறிகளையும் பார்த்தாள். "எப்பம்மா பெஞ்சுச்சி?" என்று கேட்டாள். "எப்பன்னா? வேலைக்குக் கிளம்பற நேரத்துக்குத்தான். மேற்கால மின்னி, ஒரு காத்து அடிச்சி, சடசடன்னு ஊத்தும். விடியறதுக்குள்ள நின்னுடும். ஆனா மரமெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்குமே."

பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் மலாக்கா நீரிணைப் பக்கத்திலிருந்து இரவோடு திரண்டு, விடியற்காலையில் மேற்குக் கரையில் வந்து மோதும் காற்றுமழை ஒன்று உண்டு. வானிலைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'சுமத்ரா'. பாடத்தில் அவள் படித்ததைத் தாயார் அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் பயிற்சிக்குப் போன பிள்ளை இதில் தலையிடலாமா? மதிப்பெண் போடுவது அந்த அமைப்பு. தாயார் வேலை செய்வது தோட்டத்தில். தங்கை பயந்துபோய், "நீ சும்மா இரு தாயி. ஊக்கத்தொகை போனா போவுது, உன் படிப்பு போவக்கூடாது" என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பெண் தன் மேற்பார்வையாளரிடம் நேராகச் சொன்னாள். "எங்கம்மா அங்கே வேலை செய்யறாங்க. அதனால நானே பார்த்தேன்னு இருக்கக்கூடாது, நீங்களும் பாருங்க." அந்த மலாய்க்கார அதிகாரி நல்ல மனிதர். மாத அறிக்கை அந்தத் தோட்டத்துக்கே உரியது, பத்து நிமிடக் கணக்கைக் கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான் என்று சொல்லி, அவரே உட்கார்ந்து பார்த்தார்.

முதலில் தேதியே இடித்தது. அந்த அமைப்பின் கணக்கில் ஒரு 'மழை நாள்' காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடிகிறது. 14-ஆம் தேதி விடியற்காலை பெய்த மழை, 13-ஆம் தேதிக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். (உலகம் முழுக்க வானிலைக்காரர்கள் கிரீன்விச் நேரத்தைப் பார்க்கிறார்கள். அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 8 மணி. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அதற்கு முன்பு அது நமக்கு ஏழரை மணி.) தேதியை ஒன்று தள்ளி வைத்ததும், ஏழில் நாலு நாள் அப்படியே பொருந்தின. நாலிலும் மழை விடியற்காலை மூன்றரைக்கும் ஆறுக்கும் நடுவில். அளவு இரண்டு, மூன்று, ஐந்து மில்லிமீட்டர்தான். அந்த 48 மில்லிமீட்டர் மழையோ பிற்பகல் மூன்று மணிக்குக் கொட்டி ஐந்துக்கு நின்றிருக்கிறது. இராக் காற்றில் பட்டை காய்ந்துவிட்டது, மறுநாள் வெட்டினார்கள். இதில் பொய் எங்கே?

அடுத்து அந்த இரண்டு பூஜ்யங்கள். அதே வாரத்தில் அந்த மானியின் பதிவைப் பார்த்தால், வெயில் காயும் மத்தியானத்திலும் அரை மணிக்கு ஒரு கவிழ்ப்பு, ஒரு மணிக்கு ஒரு கவிழ்ப்பு என்று இழுத்துக்கொண்டே போகிறது. மழை அப்படிப் பெய்யாது. நேரில் போய்ப் பார்த்தார்கள். புனல் வாயில் பால்மரத்து இலையும் பறவை எச்சமும் அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் கசிந்திருக்கிறது. புனல் முழுதாக அடைபட்டிருந்த அந்த இரண்டு நாளும் கணக்கில் பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் மழை பெய்யவில்லை என்று பொருள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும். அந்த இரண்டு நாளின் பூஜ்யத்தையும் அழித்து 'பதிவு இல்லை' என்று திருத்தினார் அதிகாரி. தன் அமைப்பின் கருவியில் குறை இருந்தது என்று தோட்டத்துக்கு எழுதியும் கொடுத்தார். எத்தனை பேர் அப்படி எழுதிக் கொடுப்பார்கள்?

மிச்சம் ஒரு நாள். அன்றைக்கு நிலையமும் நன்றாக இருந்தது, மழையும் இல்லை. பெண் தாயாரைக் கேட்டாள். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு மேல்லயத்துப் பாட்டி செத்துப்போச்சில்ல, எல்லாரும் துக்க வீட்டுக்குப் போயிட்டோம்" என்றாள். அந்தப் பெருக்கல் குறி மழைக்குப் போட்டதல்ல. அதை மகள் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் மற்ற ஆறும் நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் தாள்களோடு ஆபீசுக்குப் போனார். நாலு நாளைச் சின்னத் துரை உடனே ஒப்புக்கொண்டார். பதிவில்லாத இரண்டு நாளுக்கு, ஆபீஸ் முன்னால் இருக்கும் பழைய உருளையின் புத்தகத்தைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஆமாம், நாங்கள் தண்ணீர் ஊற்றி விளையாடிய அதே வகைக் குழாய்தான்! ஒரு நாளுக்குப் புத்தகத்தில் மழை இருந்தது, தீர்ந்தது. மற்றது திங்கட்கிழமை. ஞாயிறு பியூனுக்கு விடுமுறை, இரண்டு நாள் தண்ணீரையும் திங்கள் காலையில் சேர்த்து அளந்திருக்கிறார். சனி மழையா, திங்கள் விடியற்காலை மழையா? சொல்ல ஆளில்லை. அந்த ஒரு நாள் போனது போனதுதான். ஐந்து நாள் கிடைத்து, குறைந்தபட்ச நாள் கணக்கை எட்டியவர்களுக்கு ஊக்கத்தொகை தீபாவளிக்கு நாலு நாள் முன்பு கைக்கு வந்தது. எட்டாதவர்களும் சிலர் இருந்தார்கள்.

பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்களுக்கு

இந்தத் துறையில் நம் பிள்ளைகள் குறைவு. கணிதமும் இயற்பியலும் ஓரளவு வர வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையில் அதிகாரி வேலைக்குப் பட்டமும், உதவி அதிகாரி வேலைக்கு டிப்ளோமாவும் கேட்கிறார்கள். பயிற்சிக்கு எழுதிப்போடும்போது பல்கலைக்கழகத்தின் அல்லது பாலிடெக்னிக்கின் கடிதம் சேர்த்து, சில மாதம் முன்பே அனுப்ப வேண்டும். தினசரிக் குறிப்பேடு ஒன்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அலவன்ஸ் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், சில இடத்தில் இல்லவே இல்லை. தங்கும் வாடகையை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை காட்டுக்குள் போகிறாளே என்ற கவலை தங்கைக்கும் இருந்தது. தனியாக அனுப்புவதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதித்தாள்.

துறையின் 'மைச்சுவாச்சா' என்னும் கைப்பேசிச் செயலியில் அன்றைய முன்னறிவிப்பைப் பார்க்கலாம். பத்து நாளுக்கு ஒரு முறை பயிர்வானிலை அறிக்கையும் வெளியிடுகிறார்கள். வெயில் எச்சரிக்கையையும் கவனியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு மேல் போனால் முதல் நிலை, 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. இந்நாட்டில் பதிவான உச்ச வெயில் 1998 ஏப்ரல் 9-இல் பெர்லிஸ் சுப்பிங்கில் அடித்தது, 40.1 டிகிரி. அது அப்போது கரும்புத் தோட்டப் பகுதி. அந்த வெயிலிலும் யாரோ வேலை செய்திருப்பார்கள்.

பெண்ணின் பயிற்சி முடிந்து பல்கலைக்கழகம் திரும்பிவிட்டாள். நல்ல மதிப்பெண்தான். தங்கை வீட்டு நாள்காட்டியை அண்மையில் பார்த்தேன். பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் பென்சிலால் '4.10', '5.00' என்று மணி எழுதியிருக்கிறது. ஒரு கட்டத்தில் மட்டும் 'சாவு' என்று எழுதியிருந்தது.